பெட்டிக்காரம்மாவும் பின் அச்சும்

வண்டியை ஓட்டுவது அவள்தான். ஆனாலும் தெருவில் யாராவது "டிரைவர்" என்று குரல் கொடுத்தால் திரும்பிப் பார்ப்பது அவள் வீட்டுக்காரர். பாதி ஆயுளை ஸ்டியரிங்குக்குப் பின்னால் கழித்தவருக்கு ஒட்டிக்கொண்ட பெயர், கண் போன பிறகும் போகவில்லை. அவளுக்கு வாய்த்த பெயர் பெட்டிக்காரம்மா.

பெட்டி என்றால் தேனீப் பெட்டி. பழத்தோப்புகளில் பூ விடும் காலத்தில் பெட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் மரங்களுக்கு நடுவே இறக்கிவைப்பாள். பூ உதிர்ந்ததும் திரும்ப ஏற்றிக்கொண்டு அடுத்த தோப்புக்குப் போவாள். தேனீ வந்தால்தான் காய் பிடிக்கும் என்பது தோப்புக்காரர்களுக்குத் தெரியும். அதனால் போகிற இடத்தில் எல்லாம் அவளுக்கு மரியாதைக்குக் குறைவில்லை.

இந்தத் தொழிலை அவள் தேடிப் போகவில்லை. கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் சட்டைக் கம்பெனியில் வேலை பார்த்தவள். அங்கே அவளுக்குக் காலர் மட்டும்தான். நாள் முழுக்கக் காலர் தைப்பாள். ஒரு முழுச் சட்டை அவள் கையால் முடிந்ததே கிடையாது. வீட்டுக்காரர் அந்த நாலு சக்கர டிரைவ் லாரியை ஏலத்தில் எடுத்து, மேட்டுப் பாதைகளில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். தேனீ வளர்க்கும் பெரியவர் ஒருவர் வாடிக்கையாக வருவார். ஒரு நாள் அவர் மகனோடு வெளிநாடு போவதாக முடிவாயிற்று. போகிற போக்கில் பெட்டிகளை இவர்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார். டிரைவருக்குத் தேனீ என்றால் பயம். அவளுக்கு ஏனோ பயமே வரவில்லை. காலரை விட்டுவிட்டுப் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

அப்புறம் அவருக்குக் கண்ணில் கோளாறு வந்தது. ஓரத்தில் இருப்பதெல்லாம் தெரியும், நேராகப் பார்த்தால் நடுவில் சாம்பல் நிறமாக ஒரு மறைப்பு. எதிரே வருவது மாடா மனிதனா என்று தெரியாது, பக்கத்து மரத்தில் உட்கார்ந்த காக்கை தெரியும். "இனி ஓட்டக் கூடாது" என்று டாக்டர் சொன்னதும் வீட்டுக்கு வந்து சாவியை ஆணியில் மாட்டினார். இரண்டு நாள் வண்டிப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் அவள் சாவியை எடுத்துக்கொண்டு, "சொல்லிக் குடுங்க" என்றாள். நாற்பதைத் தாண்டிய வயசு. அவர் சொல்லிக் கொடுத்த விதத்தில் வேறு யாராக இருந்தாலும் ஓடிப்போயிருப்பார்கள். அவள் கற்றுக்கொண்டாள். அன்றிலிருந்து அவர் இடது பக்க சீட்டில். வண்டி ஓட்டுவதை விட்டாரே ஒழிய வாய் ஓட்டுவதை விடவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மேட்டுத் தோப்பில் அந்தச் சம்பவம் நடந்தது.

பெட்டிகளைச் சாயங்காலமே வாசல் அடைத்து ஏற்றிவிட்டு, விடியும்போது கிளம்புவது வழக்கம். வண்டி ஓடினால் காற்று ஓடும், பெட்டிக்குள் சூடு ஏறாது. வண்டி நின்று வெயிலும் ஏறிவிட்டால் உள்ளே மெழுகு இளகித் தேனடைகள் சரிந்துவிடும். அந்தத் தோப்புக்கு ஏறும் பாதையில் ஒரு வளைவு. மழைத் தண்ணீர் குறுக்கே ஓடி ஓடிப் பாதையைக் கோணலாக அறுத்து வைத்திருந்தது. அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது முன்னால் ஒரு சக்கரமும், பின்னால் எதிர்ப்பக்கத்துச் சக்கரமும் தரையை விட்டு எழும்பும். கூடவே வண்டி கீழ்ப்பக்கமாகச் சாயும்.

அன்று எழும்பிய இரண்டும் காற்றாடி மாதிரி சுற்றின. தரையில் இருந்த இரண்டும் ஆணி அடித்தாற்போல் நின்றன. அவள் ரிவர்ஸ் போட்டாள், முன்னுக்கு மிதித்தாள், கல் வைத்தாள். டிரைவர் இறங்கிச் சுற்றி வந்து, "நாலு சக்கரமும் இழுக்கும்னு பேருதான். இழுக்கற ரெண்டும் வானத்தைப் பாத்துக்கிட்டு இருக்கு" என்றார்.

தோப்பிலிருந்து டிராக்டர் வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. பயத்தை மறந்து டிரைவரும் கை கொடுக்க, இருவரும் கயிற்றை அவிழ்த்து மேல் வரிசைப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் புதர் நிழலில் வைத்தார்கள். அடி வரிசைக்குக் கை போனபோது பெட்டியின் அடியிலிருந்து தேன் ஒழுகிக்கொண்டிருந்தது. மூடியைத் தூக்கிப் பார்த்தாள். அடைகள் சரிந்து, தேனில் நனைந்த தேனீக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கருப்பாகக் கிடந்தன. ஒரு சத்தமும் இல்லை.

வீட்டுக்கு வந்து லாரியின் தளத்தை அவள்தான் கழுவினாள். டிரைவர் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தார். "நான் ஓட்டியிருந்தா…" என்று ஆரம்பித்தவர் அத்தோடு நிறுத்திக்கொண்டார். முழுசாகச் சொல்லியிருந்தால் அவள் பதில் சொல்லியிருப்பாள். பாதியில் நிறுத்தியதுதான் அவளைச் சுட்டது.

மறுநாள் தம்பியின் பட்டறைக்குப் போனாள். கூடப்பிறந்த தம்பி. தகரக் கூரை போட்ட பட்டறை. ஒரு பக்கம் வெல்டிங் கடை, மறு பக்கம் மாவு மில். எந்நேரமும் இரண்டு சத்தத்துக்கும் நடுவில் இருப்பதால் அவனுக்கு மெதுவாகப் பேச வராது.

நடந்ததைக் கேட்டுவிட்டு அவன் மூலையில் கிடந்த பழைய டிஃபரன்ஷியல் ஒன்றை, அச்சின் நடுவில் இருக்கும் பல் சக்கர உருண்டையை, மேசை மேல் தூக்கி வைத்தான். "இங்க பாருக்கா. வண்டி திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் கம்மி தூரம் போகும், வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் போகும். ரெண்டும் வேற வேற வேகத்துல சுத்தணும். அதுக்குத்தான் இந்தப் பல்லுங்க. ஆனா இதுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. எந்தப் பக்கம் சுலபமா சுத்துதோ, அந்தப் பக்கமே இன்ஜின் பலத்தை வாரி விட்டுடும். பளு இருக்கற பக்கம் திரும்பிக்கூடப் பாக்காது."

"எங்க சட்டைக் கம்பெனி மேனேஜர் மாதிரி" என்றாள் அவள்.

"அதேதான். இதை எடுத்துட்டு வேற மாதிரி ஒண்ணு போடலாம். மூணு வகை இருக்கு."

டிரைவர் பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "மூணு என்ன மூணு, லாக்கர் போடு மாப்ள. பொத்தானை அமுக்கினா ரெண்டு சக்கரமும் ஒரே கம்பியா பூட்டிக்கும். எது தூக்கினா என்ன, இன்னொண்ணு இழுக்கும். அரைகுறை வேலையே வேண்டாம்."

"லாக்கர்னா நகை வைக்கறதா?" என்றாள் அவள். தம்பி சிரித்தான், டிரைவர் சிரிக்கவில்லை.

அவள் தம்பியிடம் திரும்பினாள். "பூட்டினதுக்கப்புறம் வண்டி பக்கவாட்டுல சாஞ்சு நிக்குதுன்னு வெச்சுக்கோ. தரை ஈரமா இருக்கு. அப்போ?"

தம்பி தலையைச் சொறிந்தான். "பூட்டியிருந்தா வழுக்கும்போது ரெண்டும் சேந்தே வழுக்கும்க்கா. பின்பக்கம் சரிவுல கீழே இறங்கும்."

"அதான் சுவிட்ச் இருக்கே" என்றார் டிரைவர். "வேணும்போது போடு, வேணாம்னா எடு. அதுல என்ன கஷ்டம்?"

"அந்தப் பாதையில வேணும்ங்கற இடமும் வேணாம்ங்கற இடமும் ஒண்ணுதாங்க. சக்கரம் தூக்குற இடத்துலதான் வண்டியும் சாயுது. மேல பெட்டி அடுக்கு உசரமா இருக்கு. பின்பக்கம் ஒரு முழம் கீழ போச்சுன்னா எல்லாம் உருண்டுடும்."

டிரைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மில் சத்தம் ஏறியது. அது அடங்கியபோது தம்பி மற்ற இரண்டு வகைக்கும் போயிருந்தான்.

மற்ற இரண்டும் லிமிடெட் ஸ்லிப் வகை. முழுசாகப் பூட்டாமல், ஒரு சக்கரம் வெட்டியாகச் சுற்ற ஆரம்பித்தால் பலத்தில் ஒரு பங்கை மற்றதுக்குத் தள்ளிவிடும். அதில் ஒன்று முழுக்கப் பல் சக்கரங்களால் ஆனது. தேயாது, தனி எண்ணெய் கேட்காது. "ஆனா ஒரு சக்கரம் முழுசா அந்தரத்துல இருந்தா அது கையை விரிச்சிடும்" என்றான் தம்பி. "தரையில கொஞ்சமாவது பிடிப்பு இருந்தாத்தான் அதைப் பெருக்கிக் குடுக்கும். பூஜ்யத்தை எத்தனையால பெருக்கினாலும் பூஜ்யம்தானே? லேசா பிரேக் மிதிச்சா வேலை செய்யும், அது ஒரு வித்தை."

இன்னொன்று தகடு வகை. கிளட்ச் தகடுகள் மாதிரி அடுக்கி, ஸ்பிரிங் வைத்து எப்போதும் இறுக்கியே வைத்திருக்கும். சக்கரம் அந்தரத்தில் இருந்தாலும் அந்த இறுக்கத்தின் அளவுக்கு மற்றச் சக்கரத்துக்குப் பலம் போகும். தகடு தேயும். எண்ணெயில் தனி மருந்து கலக்க வேண்டும்.

"தேஞ்சா?"

"தகட்டை மட்டும் மாத்திக்கலாம்."

"அப்போ பின் அச்சுக்கு இதுவே போதும். முன் அச்சுக்கு?"

"முன்னாடி இப்ப இருக்கறதே இருக்கட்டும்க்கா. அங்கயும் இறுக்கினா ஸ்டியரிங் உன் பேச்சைக் கேக்காது."

"வீட்ல ஒருத்தர் கேக்காதது போதும்" என்று அவள் எழுந்தாள்.

அந்த வண்டியில் ஒரு போல்ட் மாற்றுவதென்றாலும் இதுவரை டிரைவர் சொல்லித்தான் நடந்திருக்கிறது. அவளுக்கும் கொஞ்சம் பயம்தான். தப்பாகப் போனால் காலத்துக்கும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

சாமான் வந்ததும் வண்டியைப் பட்டறையில் விட்டார்கள். அவள் வீட்டில் உட்கார்ந்திருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பழைய எண்ணெயை வடித்து, பின் ஆக்சில் கம்பிகள் இரண்டையும் உருவி, பினியன் என்ற சின்னப் பல் சக்கரத்தோடு சேர்ந்த டிஃபரன்ஷியல் உருண்டையை ஜாக்கி வைத்து மெதுவாக இறக்கினான் தம்பி. பேரிங்கைப் பிடிக்கும் மூடிகளில் இடதுக்கு ஒரு குத்து, வலதுக்கு இரண்டு குத்து என்று உளியால் அடையாளம் வைத்தான். "இது ரெண்டும் மாறிச்சுன்னா குடும்பம் கலைஞ்ச மாதிரி" என்றான். கிரவுன் என்ற பெரிய பல் சக்கரத்தைப் பழைய கூட்டிலிருந்து கழற்றிப் புதுக் கூட்டில் உட்காரவைக்க வேண்டும். அதற்கு முன் தகடுகளை எண்ணெயில் ஊறவைக்க வேண்டும். அந்த வேலை அவளுக்கு வந்தது. எஃகுத் தகடு ஒன்று, சொரசொரப்புத் தகடு ஒன்று என்று மாற்றி மாற்றி அடுக்கினாள். காலருக்குத் துணியும் அட்டையும் அடுக்கிய கை. ஒரு தடவை சொன்னதோடு சரி.

பிறகுதான் நுணுக்கமான வேலை. கிரவுனும் பினியனும் பல்லோடு பல் சேரும் இடத்தில் இடைவெளி கொஞ்சமாக இருக்க வேண்டும். அதிகமானாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. காகிதம் போன்ற மெல்லிய வளையங்களை இந்தப் பக்கம் ஒன்று கூட்டி அந்தப் பக்கம் ஒன்று குறைத்துச் சரிபண்ணுவார்கள். டிரைவர் கிட்டே வந்து கிரவுனை விரலால் முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார்.

"சரியா இருக்கு. மூடு."

தம்பி இடைவெளி அளக்கும் டயல் மீட்டரை வைத்து ஆட்டினான். முள் தாண்டிப் போயிற்று. "இல்ல மாமா, ஜாஸ்தி."

"என் விரலுக்குத் தெரியாதா? இதே விரலால எத்தனை வண்டிக்கு வெச்சிருக்கேன். எல்லாம் ஓடிச்சு."

"ஓடிச்சு மாமா. ஊளையிட்டுக்கிட்டே ஓடிச்சு."

டிரைவர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். தம்பி அக்காவைப் பார்த்தான். "நீ வேலையைப் பாரு" என்றாள் அவள். அவன் வளையங்களை மாற்றி, திரும்பப் பூட்டி, பல் எங்கே படுகிறது என்று பார்க்கப் பல்லில் மஞ்சள் பசை தடவிச் சுற்றினான். பசை விலகிய இடம் பல்லின் ஒரு ஓரமாக விழுந்தது. மறுபடி கழற்றினான். அடுத்த முறை நடுவில் விழுந்தது. அதற்குள் டிரைவர் மூன்று டம்ளர் டீயை இரண்டு கையில் அணைத்துப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். நடந்து வந்ததில் பாதி சிந்திவிட்டிருந்தது. இருந்ததை மூவரும் குடித்தார்கள்.

எல்லாம் மூடி, எண்ணெய் ஊற்றி, மருந்தும் கலந்ததும் தம்பி பக்கத்துக் காலி மைதானத்தைக் காட்டினான். "அங்க போய் மெதுவா எட்டு போட்டுக்கிட்டே இரு. தகடு ஒண்ணோட ஒண்ணு பழகணும்."

"மறுபடியும் லைசென்ஸ் எடுக்கச் சொல்றியா?"

எட்டு போட்டாள். ஒவ்வொரு திருப்பத்திலும் பின்னாலிருந்து ஒரு உறுமல். சீட்டுக்கு அடியில் தடதடவென்று அதிர்ந்தது. நேராகப் போனால் சத்தமில்லை. ஓட ஓடக் குறையும் என்றான் தம்பி. அது குறையவில்லை, எண்ணெய் சூடாகச் சூடாகக் கூடியது.

டிரைவரின் முகத்தில் பல நாளாகக் காணாத தெளிவு. "நான் அப்பவே சொன்னேன். கிரவுன் உக்காரல. மீட்டராம், முள்ளாம்."

தம்பிக்கு வியர்த்துவிட்டது. எல்லாவற்றையும் திரும்பப் பிரிக்க வேண்டுமென்றால் ஒரு முழு நாள் வேலை. ஸ்பானரை எடுத்துவிட்டான். அவள் மைதானத்திலிருந்து வந்து பட்டறை அலமாரி முன்னால் நின்றாள்.

"பல்லுல கோளாறுன்னா நேரா போகும்போதும் கேக்கணும் இல்ல? இது திரும்பும்போது மட்டும்தான் வருது. தகடுதான் பிடிச்சுப் பிடிச்சு விடுது. ஏன்டா, இந்தச் சின்ன பாட்டில்ல பாதி மீதி இருக்கே, இது எதுக்கு?"

தம்பி பாட்டிலைப் பார்த்தான். "அது… மருந்தை முழுசா ஊத்தினா தகடு ரொம்ப வழுக்கிடுமோன்னு பாதி ஊத்தினேன்."

"கலக்கச் சொன்னவன் பாதி பாட்டிலா குடுத்தான்?"

மீதியையும் ஊற்றினார்கள். அவள் மறுபடி எட்டு போட்டாள். முதலில் உறுமியது, பிறகு முனகியது, டீசல் முள் கொஞ்சம் இறங்கியபோது முனகலும் நின்றுவிட்டது. டிரைவர் மைதான ஓரத்தில் தலையைச் சாய்த்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வண்டி பக்கத்தில் வந்து நின்றதும் ஏறி உட்கார்ந்து, "கதவுல எண்ணெய் போடணும், கிறீச்சுங்குது" என்றார். வேறு குறை அகப்படவில்லை.

அடுத்த பூக்காலத்தில் அதே மேட்டுத் தோப்பு. முந்தின நாள் தூறல் வேறு. தோப்புக்காரர் போனில், "டிராக்டரை அனுப்பவா?" என்று கேட்டார். "தயாரா வெச்சுக்கோங்க" என்றாள் அவள். வீராப்பு பேசும் சுபாவம் கிடையாது.

பள்ளத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தாள். தண்ணீர் இன்னும் ஆழமாக அறுத்திருந்தது. ஏறி உட்கார்ந்து நாலு சக்கரத்துக்கும் இன்ஜினை இணைத்து, முதல் கியரில் விட்டாள். முன் சக்கரம் இறங்கி ஏறியது. வண்டி கீழ்ப்பக்கமாகச் சாய்ந்தது. கயிறு இறுகும் சத்தம் பின்னால் கேட்டது. பிறகு அந்த இடம் வந்தது. பின் சக்கரம் தரையை விட்டது.

"மிதி" என்றார் டிரைவர். "மிதி, மிதி."

அவள் மிதிக்கவில்லை. காலைப் பெடலில் அப்படியே வைத்து, ஒரு நூல் மட்டும் கூட்டினாள். எழும்பிய சக்கரம் அரைச் சுற்றுச் சுற்றியது. வண்டி நின்றுவிட்டதுபோல் இருந்தது.

"அட மிதின்னா…"

"பேசாம இருங்க."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வண்டிக்குள் வைத்து அவள் அப்படிச் சொன்னதில்லை. அவர் கை டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டது. கீழே எங்கேயோ தகடுகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்தன. தரையில் இருந்த சக்கரம் சேற்றைக் கடித்தது. பின்பக்கம் ஒரு விரல்கடை சறுக்கியது, அத்தோடு நின்றது. வண்டி முனகிக்கொண்டே ஒரு அடி ஏறியது, இன்னொரு அடி ஏறியது, பிறகு நாலு சக்கரமும் தரைக்கு வந்து சமமாக நின்றது.

தோப்பில் வெயில் அப்போதுதான் மரங்களின் உச்சியைத் தொட்டிருந்தது. டிரைவர் இறங்கி லாரியின் பின்பக்கம் போனார். அடி வரிசைப் பெட்டி ஒவ்வொன்றிலும் காதை வைத்துக் கேட்டார். தேனீ என்றால் பத்தடி தள்ளி நிற்கிற மனிதர். கடைசிப் பெட்டியில் காதை வைத்தபடியே, "எல்லாம் பேசிக்கிட்டுதான் இருக்கு" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் அவள் வண்டியை விட்டு இறங்கினாள்.

பெட்டிகளை இறக்கும்போது தோப்புக்காரர் வந்து அச்சைக் குனிந்து பார்த்தார். "லாக்கரா?" என்று கேட்டார்.

"சேச்சே" என்றார் டிரைவர். "லாக்கர் சரிப்படாதுன்னு நாங்க யோசிச்சோம். சாய்வுல பின்பக்கம் இழுத்துட்டுப் போயிடும் பாருங்க. மேல உசரமா லோடு இருக்கு." பூஜ்யத்தைப் பெருக்குவது வரை எல்லாவற்றையும் விளக்கினார். அவள் பெட்டியின் வாசலைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தாள். அந்த 'நாங்க' காதில் விழுந்தது. விழுந்துவிட்டுப் போகட்டும் என்று அடுத்த பெட்டிக்குப் போனாள்.

அதற்காக அந்த வண்டி அப்புறம் எங்கேயும் மாட்டவே இல்லை என்று சொல்ல முடியாது. அதே வருஷம் ஆற்றோரத் தோப்பு ஒன்றில் களிமண்ணில் அச்சு வரை இறங்கிவிட்டது. "முன்னெல்லாம் ஒண்ணுதான் சுத்தும்" என்றார் டிரைவர், ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு. "இப்ப ரெண்டும் ஒத்துமையா சுத்துது." நல்லவேளை, அன்று ஏற்றியிருந்தது காலிப் பெட்டிகள். டிராக்டர் வந்து இழுத்தது. சேற்றோடு வீட்டுக்கு வந்து இருவரும் சிரித்தார்கள்.

சில வருஷம் கழித்துப் பின்பக்கத்தின் பிடி தளர ஆரம்பித்தது. மேட்டுத் தோப்பின் பள்ளத்தில் எழும்பிய சக்கரம் அரைச் சுற்றுக்குப் பதில் நாலைந்து சுற்றுச் சுற்றியது. அவளே தம்பிக்குப் போன் பண்ணினாள். "தகடு தேஞ்சிடுச்சு, புதுசு வரவழை. பாட்டில் முழுசா." பிரித்தபோது சொரசொரப்பெல்லாம் வழவழத்துப் போயிருந்தது. புதுத் தகடுகளை அவளே ஊறவைத்து, அவளே அடுக்கினாள். டிரைவருக்கு இப்போது ஓரத்துப் பார்வையும் குறைந்துவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்து, இந்தத் தடவையாவது லாக்கர் போட்டுப் பார்க்கலாமே என்று ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தார்.

"வேண்டாங்க" என்றாள்.

"சும்மா கேட்டேன்" என்றார் அவர்.

போன வாரம் மேட்டுத் தோப்பில் பெட்டி இறக்கிவிட்டு வந்தார்கள். தோப்புக்காரர் இன்னும் மேலே ஒரு துண்டு நிலம் வாங்கியிருக்கிறாராம். அங்கேயும் பெட்டி வைக்க வேண்டுமாம், ஆனால் பாதையே இல்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.